சிவப்புக் குறியும் ஒரு பருவச்சீட்டும்

புலம்பெயர்ந்து வாழும் பெண்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான கதைகள் உண்டு. காசு காய்க்கும் மரத்தின் கீழே இருக்கிறார்கள் என்பது ஒன்று. குளிரிலும் தனிமையிலும் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எங்களுடைய நாட்களில் பெரும்பகுதி இவை இரண்டிலும் சேராத சின்னச் சின்னச் சிக்கல்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது. அவற்றைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. தொலைபேசியில் ஊருக்குச் சொல்லவும் கூச்சமாக இருக்கும். “அங்கே அவ்வளவு பட்டவர்களிடம் இதையும் சொல்லி அழுவதா?” என்று மனம் தடுத்துவிடும்.

நான் எழுதப்போவதும் அப்படியான ஒரு சின்ன விடயம்தான். லண்டனில் நான் வேலைக்குப் போய்வந்த புகையிரதத்தின் பருவச்சீட்டு, நிலைய வாசலிலுள்ள தானியங்கிக் கதவில் திரும்பத் திரும்ப வேலை செய்யாமற்போன கதை. ஒரு துண்டு அட்டை வேலை செய்யாவிட்டால் என்ன வந்துவிட்டது என்று யாரும் கேட்கலாம். கையிலுள்ள கடதாசியைப் பார்த்துத்தான் எங்களை மனிதராகக் கணக்கெடுத்த ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஆகவே சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

சீசன் ரிக்கற் என்ற சொல் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். அப்பா யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். கொடிகாமத்தில் காலைப் புகையிரதம் ஏறி, மாலையில் திரும்பி வருவார். அவருடைய சீசன் சேட்டுப் பையில் கண்ணாடிக் கூட்டோடு சேர்ந்திருக்கும். மாதம் முடியும்போது வியர்வையில் நனைந்து, ஓரங்கள் மடிந்து, எழுத்துக்கள் மங்கிப் போயிருக்கும். ஆனாலும் அது ஒருநாளும் அவரை வாசலில் நிறுத்தியதில்லை. ஏனென்றால் அதைப் பார்த்தது மனிதக் கண். நிலைய உத்தியோகத்தருக்கு அப்பாவின் முகமே சீசன்தான்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அதன்பின் எங்களுக்குப் பயணம் என்றால் சைக்கிள், உழவு இயந்திரம், வள்ளம், கால்நடை. அப்பா பழைய சீசன் ஒன்றை இறப்பில் செருகி வைத்திருந்தார். 1996 இல் வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று.

கணவரை இழந்தபின், கைக்குழந்தையாக இருந்த மகளோடு நான் வவுனியாவுக்கு வந்தேன். அங்கே பாஸ் எடுத்துத்தான் வெளியே நடமாட வேண்டும். நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று பல விதம். அந்த வரிசைகளில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முத்திரை மங்கியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அடையாள அட்டையின் பிளாஸ்ரிக் உறை பிரிந்திருந்தால் ஏன் பிரிந்தது என்று கேட்பார்கள். படத்தில் இருப்பது நீயா என்று முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்தச் சில நொடிகளில் மூச்சு தானாக நின்றுவிடும். 2000 ஆம் ஆண்டு அண்ணாவின் உதவியால் லண்டனுக்கு வந்தபோது, இனி அந்த மூச்சடைப்பு இல்லை என்றுதான் நினைத்தேன்.

இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை கிடைத்தது. காலை 7 மணிக்குத் தொடங்கும். வீட்டு வாடகை குறைவு என்பதால் நாங்கள் நகரத்துக்கு வெளியே இருந்தோம். லண்டனில் 2003 இல் ஒயிஸ்ரர் என்ற தொட்டுச் செல்லும் அட்டை வந்துவிட்டது. ஆனால் அது செல்லுபடியாகும் எல்லைக்கு வெளியே எங்கள் நிலையம் இருந்தது. ஆகவே எங்களுக்குப் பழைய காந்தப் பட்டிச் சீட்டுத்தான்.

அதைப் பாராதவர்களுக்காகச் சொல்கிறேன். வங்கி அட்டை அளவில், செம்மஞ்சள் நிறக் கரையுள்ள மெல்லிய அட்டை. முன்பக்கத்தில் எங்கிருந்து எங்கே, எந்தத் திகதிவரை என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். பின்பக்கத்தில் ஒரு கரும்பட்டி ஓடும். அதே விபரங்கள் கண்ணுக்குத் தெரியாத காந்தக் குறிகளாக அந்தப் பட்டியில் எழுதப்பட்டிருக்கும். நிலைய வாசலில் வரிசையாக இடுப்பளவு உயரக் கதவுகள் நிற்கும். கதவின் பக்கத்திலுள்ள துவாரத்தில் சீட்டைக் கொடுத்தால் உருளைகள் அதை இழுத்துக்கொண்டு போய், பட்டியை வாசித்து, மேலே துப்பிவிடும். சீட்டைக் கையில் எடுத்ததும் கதவு திறக்கும். வாசிக்க முடியாவிட்டால் சீட்டு வெளியே வரும், கதவு திறக்காது. சிவப்புக் குறி எரியும். “உதவி நாடவும்” என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடும்.

பருவச்சீட்டுக்கு ஒரு படம் ஒட்டிய அட்டையும் உண்டு. அந்த அட்டையின் இலக்கம் சீட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். ஆக, இந்தச் சீட்டு இன்னாருடையது, இந்தத் திகதிவரை செல்லும் என்பதை எழுத்துத் தெரிந்த எவரும் ஒரு நொடியில் பார்த்துச் சொல்லலாம். கதவுக்கு மட்டும் அது முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சீட்டுக்கு அப்போது 150 பவுணுக்கு மேல் கொடுத்தேன். 2008 ஒக்ரோபரில் இங்கே சட்டப்படியான ஆகக்குறைந்த கூலி மணிக்கு 5.73 பவுண். கணக்குப் பார்த்தால் 26 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு அந்தச் சின்ன அட்டைக்குள் இருந்தது. நான்கு நாள் வேலை என்று வையுங்கள். முதுகு பிடிக்க நான்கு நாள் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி உழைத்த காசு. அதைக் கொடுத்து வாங்கிய சீட்டை ஓர் இயந்திரம் “உன்னிடம் ஒன்றுமில்லை” என்று துப்பிவிடுகிறபோது வருகிற எரிச்சலைப் பிறகு சொல்கிறேன். முதலில் வந்தது எரிச்சலில்லை. பயம்.

2008 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அது முதல் தடவை நடந்தது. நகரத்தின் பெரிய நிலையம் ஒன்று. எங்களோடு இறங்கிய நூற்றுக்கணக்கானவர்கள் கதவுகளை நோக்கிப் பாய்கிறார்கள். நான் சீட்டைக் கொடுத்தேன். சிவப்பு. திருப்பிக் கொடுத்தேன். சிவப்பு. பின்னால் நின்றவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வேறு கதவுக்கு மாறினார்கள். சீருடை போட்ட ஒருவர் கையை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். அவ்வளவுதான். வாய் உலர்ந்துவிட்டது. கால் மரத்துவிட்டது. என்னையறியாமல் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டைத் தேடத் தொடங்கிவிட்டேன். அவர் சீட்டைத்தான் கேட்டார். பார்த்தார், தலையசைத்தார், பக்கத்திலிருந்த அகலக் கதவைத் திறந்துவிட்டார். அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் வேலையிடத்துக்குப் போய்ச் சேரும்வரை என் கை நடுங்கியது.

அன்று மாலையும் அதே கதை. மறுநாளும் அதே கதை. எங்கள் சின்ன நிலையத்தில் விடியப்புறம் ஊழியர் இருக்கமாட்டார். அதனால் கதவுகளைத் திறந்தே விட்டிருப்பார்கள். நகரத்தில் இறங்கும்போது ஒரு தடவை, மாலையில் ஏறும்போது ஒரு தடவை, திரும்பி வந்து வெளியேறும்போது ஒரு தடவை. நாளொன்றுக்கு மூன்று தடவை. மாதம் 22 நாள் வேலை என்றால் 66 தடவை. அந்த 66 தடவையும் துவாரத்தில் சீட்டைக் கொடுக்குமுன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. ஒரு கதவு எடுக்கும், பக்கத்துக் கதவு துப்பும். ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

அகலக் கதவருகே எப்போதும் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த தாய், சக்கர நாற்காலியில் வந்தவர், பெரிய பெட்டியோடு வந்த பயணி, பிறகு என்னைப் போலச் சீட்டு வாசிக்கப்படாதவர்கள். ஒரே ஓர் ஊழியர் எல்லோரையும் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடமும் ஆகும், பத்து நிமிடமும் ஆகும். நான் வேலை செய்த இடத்தில் 7 மணிக்குப் பிந்தினால் கால் மணித்தியாலச் சம்பளம் வெட்டு. மூன்று தடவை பிந்தினால் எச்சரிக்கைக் கடிதம். டிசம்பரில் எனக்கு அந்தக் கடிதமும் வந்தது. இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகக் காத்திருந்த நைஜீரியச் சகோதரி ஒருத்தி நான் வரும்வரை நின்று சமாளித்தாள். அவளுடைய பிள்ளைகளும் பாடசாலைக்குப் போகவேண்டும். என்னுடைய சீட்டின் பாரத்தை அவளும் சுமந்தாள்.

சீட்டு விற்கும் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த வயதான பெண் ஊழியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வங்கி அட்டையிலுள்ள பட்டி பெரும்பாலும் வலுவான காந்தப் பூச்சுள்ளது. புகையிரதச் சீட்டின் பட்டி வலுக்குறைந்தது. மலிவாக, ஆயிரக்கணக்கில் அச்சிட அதுதான் தோது. ஒருநாள் பயணச்சீட்டுக்கு அது தாராளம். ஆனால் மாதக்கணக்கில், ஒவ்வொரு நாளும் உருளைகளுக்குள் போய்வருகிற சீட்டு தேயும், வளையும், அழுக்குப் படியும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது. காந்தப் பூட்டுள்ள கைப்பைகள் இருக்கின்றன. அவற்றின் அருகில் நெடுநேரம் இருந்தால் பட்டியிலுள்ள குறிகள் அழிந்துபோகும். அச்செழுத்து அப்படியே இருக்கும், உள்ளெழுத்து போய்விடும்.

“இது உன் குற்றமில்லை, அன்பே. இந்த அட்டைகள் இப்படித்தான்,” என்றார். பழையதை வாங்கிவிட்டு, காசு வாங்காமல் அதே திகதிக்குப் புதிய சீட்டு அச்சிட்டுத் தந்தார். ஒரு பிளாஸ்ரிக் உறையும் தந்தார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். உன் குற்றமில்லை. வரிசைகளில் நின்ற அத்தனை வருடத்தில் சீருடை போட்ட ஒருவர் வாயிலிருந்து நான் கேளாத சொல் அது.

புதிய சீட்டு இரண்டு கிழமை வேலை செய்தது. பிறகு மறுபடியும் சிவப்பு. அந்த மாரி முடியுமுன் ஐந்து தடவை மாற்ற வேண்டி வந்தது. கவுண்டர் திறப்பது நான் வேலைக்குப் போனபின். மாலையில் திரும்பும்போது ஒரே நீண்ட வரிசை. சீட்டு மாற்றுவதற்கென்றே அரை மணித்தியாலம் நிற்பேன். மகள் பாடசாலை விட்டு வந்து பக்கத்து வீட்டுப் படியில் இருப்பாள்.

அந்த மாதங்கள் எவை என்பதை நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். 2008 இன் முடிவும் 2009 இன் தொடக்கமும். என் தங்கச்சியும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் வன்னிக்குள் இருந்தார்கள். கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், பிறகு எங்கே என்று தெரியாது. எப்போதாவது யாரோ ஒருவருடைய தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசுவாள். எந்த நேரம் வரும் என்று சொல்ல ஏலாது. அதனால் கைத்தொலைபேசி என் உடம்பை விட்டு விலகியதில்லை. வேலையிடத்தில் தடை, சட்டைக்குள் ஒளித்து வைத்திருப்பேன். தொலைபேசியையும் சீட்டையும் தூர வைக்கச் சொன்னார்கள். நான் சீட்டைச் சாப்பாட்டுப் பைக்குள், சோற்றுப் பெட்டியின் அடியில் வைத்தேன். தொலைபேசி நெஞ்சில் இருந்தது. அப்படி வைத்தபிறகும் இரண்டு சீட்டுகள் பழுதாகின. ஆக, தொலைபேசி மட்டும் காரணமில்லை. தேய்மானமும் காரணம், வாசிக்கும் கதவும் காரணம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை. நகர நிலையத்தில் சீட்டு மறுபடி துப்பப்பட்டு, நான் அகலக் கதவருகே காத்து நின்றபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். “அக்கா, நான்தான். வவுனியா முகாமுக்கு வந்திட்டம். பிள்ளையள் மூண்டும் என்னோட இருக்கு,” என்றாள். அவ்வளவுதான் விளங்கியது. நான் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். சனம் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கதவருகே நின்ற ஊழியர், கரீபியன் தீவொன்றைச் சேர்ந்த பெரியவர், தன்னுடைய கூண்டுக்குள் இருந்த கதிரையைக் கொண்டுவந்து போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நான் பேசி முடியும்வரை ஆட்கள் என்மேல் இடிபடாதபடி குறுக்கே நின்றார். கடைசியில், “நல்ல செய்தியா?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையசைத்தேன். கதவைத் திறந்துவிட்டார். சீட்டைப் பார்க்கவேயில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. ஜூன் மாதம் ஓர் இளைஞன் அந்த வாசலில் நின்றான். என் சீட்டைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க, “இதை என்ன செய்தாய்? இது செல்லாது. புதுச் சீட்டு வாங்கு,” என்றான். பழையபடி வாய் உலர்ந்தது. ஆனால் அன்று என்னிடம் ஒரு வசனம் இருந்தது. மகளுக்கு அப்போது 12 வயது. நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு கேள்வியை எழுதித் தந்து, கண்ணாடியின் முன் நிறுத்திச் சொல்லிப் பழக்கியிருந்தாள். “அம்மா, கத்தக் கூடாது. ஆனா மெதுவாயும் சொல்லக் கூடாது,” என்பாள். அந்தக் கேள்வி இதுதான்: “என் சீட்டுச் செல்லாததா, அல்லது உங்கள் இயந்திரத்தால் வாசிக்க முடியாததா? இரண்டும் ஒன்றல்ல. திகதியை வாசியுங்கள்.”

அவன் திகதியை வாசித்தான். படத்தையும் பார்த்தான். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்தான்.

அன்றுதான் எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல எரிச்சல். பயம் போனபிறகு வருகிற எரிச்சல். அன்று இரவே மகளும் நானும் இருந்து அந்தப் புகையிரத நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். எந்தெந்தத் திகதியில், எந்த வாசலில், எத்தனை நிமிடம் என்று நாட்காட்டியில் நான் குறித்து வைத்திருந்தேன். வவுனியாவில் பழகிய பழக்கம் அது; எந்த நாள் எந்த மேசைக்குப் போனேன் என்று கொப்பியில் எழுதுவேன். அதை அப்படியே பட்டியலாகப் போட்டோம். மாற்றிய சீட்டுகளின் எண்ணிக்கையையும் எழுதினோம். ஐந்து கிழமை கழித்து மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. கூடவே 20 பவுண் பெறுமதியான பயணச் சலுகைச் சீட்டு. அந்தக் கடிதத்தின் பிரதியை வேலையிடத்தில் காட்டினேன். எச்சரிக்கையை என் கோவையிலிருந்து எடுத்தார்கள். 20 பவுணைவிட அதுதான் எனக்குப் பெரிது.

இவையெல்லாம் நடந்து வருடங்கள் பல போய்விட்டன. இப்போது பருவச்சீட்டுகள் பெரும்பாலும் தொட்டுச் செல்லும் பிளாஸ்ரிக் அட்டையில் வருகின்றன. அதற்குள் இருப்பது சில்லு. காந்தத்தால் சுலபமாக அழியாது. லண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் 2014 இலிருந்து வங்கி அட்டையையே தொட்டுப் போகலாம். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்காக, 28 நாளில் ஏதாவது 8 நாள் பயணம் செய்யும் சீட்டு 2021 ஜூனில் வந்தது. காந்தப் பட்டிச் சீட்டு மெல்ல மெல்ல மறைகிறது. என்றாலும் சில்லு உடையும், தொலைபேசி மின்சாரம் இறங்கும், கதவு பிழைக்கும். சிவப்புக் குறி முற்றாக அணைந்துவிடவில்லை.

கண்டிப்பு மட்டும் கூடியிருக்கிறது. செல்லுபடியாகும் சீட்டில்லாமல் பயணம் செய்தால் அறவிடும் தண்டக் கட்டணம் இங்கிலாந்தில் 20 பவுணாக இருந்தது. 2023 ஜனவரியில் அதை 100 பவுணாக்கினார்கள். 21 நாளுக்குள் கட்டினால் 50. அதற்குமேல் பயணக் கட்டணம் வேறு. இப்படியான நாட்டில் “செல்லாதது”க்கும் “வாசிக்க முடியாதது”க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத ஒரு பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதே 2023 ஜூலையில் இங்கிலாந்தின் பெரும்பாலான புகையிரதச் சீட்டுக் கவுண்டர்களை மூடப்போவதாக அறிவித்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டபோது ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். பார்வையற்றவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் உரத்துக் குரல் கொடுத்தன. அந்த ஏழரை இலட்சத்தில் என்னுடைய கடிதமும் ஒன்று. இந்தத் தடவை நானே எழுதினேன். “இயந்திரம் தவறும்போது அதைத் தவறென்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்” என்பதைத்தான் எழுதினேன். 2023 ஒக்ரோபர் 31 ஆம் திகதி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். என்னால் அல்ல, எல்லோராலும்.

ஊரிலுள்ள உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், என் தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். முகாமிலிருந்து அவள் கிளிநொச்சிக்குத் திரும்பியபோது, மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. அவள் அதை நிலத்தில் புதைத்துத் தோண்டி எடுத்துக்கொண்டு திரிந்தவள். தண்ணீர் பட்டு இலக்கம் கரைந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, “இது செல்லாது. போய் வேற கொண்டு வாங்கோ,” என்று மேசையில் போட்டார்களாம். அழுதுகொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். மகள் எனக்குச் சொல்லித்தந்ததை நான் அவளுக்குச் சொன்னேன்: “தங்கச்சி, திரும்பப் போய்க் கேள். செல்லாதோ, வாசிக்க ஏலாதோ எண்டு கேள். வாசிக்க ஏலாட்டி பதிவுப் புத்தகத்தில பாக்கச் சொல்லு.” போனாள், கேட்டாள். பதிவுப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர் அப்படியே இருந்தது. பிரதேச செயலகத்தில் புதிய பிரதி கிடைத்தது. பதிவுப் புத்தகமே போரில் அழிந்துபோன இடங்களும் உண்டு என்பதை அறிவேன். அங்கே வழி நீளம். ஆனாலும் கேள்வி அதே கேள்விதான்.

கடதாசி நனையும், தேயும், கிழியும், பட்டி அழியும். கடதாசியில் எழுதியிருக்கும் உண்மை அதனால் அழிந்துவிடாது. பிள்ளை பிறந்தது உண்மை. காணி உங்களுடையது என்பது உண்மை. நான் காசு கட்டியது உண்மை. கடதாசி பழுதானால் அதை வைத்திருக்கும் பெண்ணும் பழுதானவள் என்பதுபோல நடத்துவது எங்கும் நடக்கிறது, லண்டனிலும் நடக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு தலைகுனிந்து திரும்பி வருவதற்குத்தான் வரிசைகள் எங்களைப் பழக்கி வைத்திருக்கின்றன.

சில விடயங்களைக் கைகண்டவை என்பதால் சொல்லிவைக்கிறேன். முக்கியமான ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து, மூலப்பத்திரத்தோடு சேர்க்காமல் வேறொரு வீட்டில் வையுங்கள். இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் தனியாக எழுதுங்கள். எழுத்து அழிந்தாலும் இலக்கம் தெரிந்தால் தேடி எடுக்கலாம். எந்த நாள், எந்த அலுவலகம், எந்த மேசை, என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அரச அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று அதன்கீழ் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லவேண்டும். தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர்கள் வாயாலும் கேட்கலாம். அதை எழுதிக்கொள்வது உத்தியோகத்தரின் கடமை. தனியாகப் போகப் பயமென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். படித்த பிள்ளை பக்கத்தில் நின்றாலே மேசைக்கு அப்பால் இருப்பவரின் குரல் மாறும்.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2018 இல் நானும் மகளும் ஊருக்கு வந்தபோது கொழும்பிலிருந்து அதில் ஏறினோம். ஓமந்தையைக் கடக்கும்போது நான் யன்னலை இறுகப் பிடித்திருந்தேன். மகள் என் கையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுப் பரிசோதகர் வந்தார். சீட்டை நீட்டினேன். என் கை நடுங்கவில்லை. அவர் பார்த்துவிட்டுத் தந்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

தங்கச்சியின் மூத்த மகள் இப்போது கிளிநொச்சியில் வேலைக்குப் போகிறாள். பிறப்புச் சான்றிதழை வாசிக்க முடியாதென்று மேசையில் போட்டார்களே, அந்தப் பிள்ளைதான். அவள் இருக்கும் மேசைக்கு முன்னால் இன்று எங்கள் ஊர்ப் பெண்கள் பழுதான கடதாசிகளோடு வந்து நிற்கிறார்களாம். “பெரியம்மா, நான் முதல்ல அவையள இருக்கச் சொல்லுவன். பிறகுதான் கடதாசியப் பாப்பன்,” என்று போனமாதம் தொலைபேசியில் சொன்னாள்.